புகையும் தூசியும் மேலிருந்து எப்படித் தெரிகின்றன? கேள்வி பதில்

கேள்வி: பஞ்சாபில் வயல்களில் தாள் எரிப்பதைக் காட்டும் செயற்கைக்கோள் படத்தில், சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு வயலா, சார்?

பதில்: இல்லை. செயற்கைக்கோளில் இருந்து தீயைக் கண்டறியும் விர்ஸ் (VIIRS) கருவி தரையை 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒரு கட்டம் சுற்றுப்புறத்தைவிட அதிகமாகச் சூடாகத் தெரிந்தால் அங்கே ஒரு புள்ளி. அதற்குள் ஒரு வயலும் எரியலாம், நாலைந்தும் எரியலாம்.

கேள்வி: புள்ளிகள் குறைந்துவிட்டன என்கிறார்கள். டெல்லியில் மூச்சுத் திணறல் குறையவில்லையே?

பதில்: டெல்லிக்கு வண்டிப் புகை, ஆலைப் புகை, குளிர்கால அசையாக் காற்று என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் புள்ளிக் கணக்கிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. விர்ஸைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் பகல் ஒன்றரை மணி வாக்கில் கடந்து போகின்றன. நாலு மணிக்கு வைத்த தீ அவற்றின் கண்ணில் படாது. அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் நெல் தாளை எரிப்பது பிற்பகலுக்குத் தள்ளிப்போயிருப்பதை நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜேத்வா 2024இல் சுட்டிக்காட்டினார். அவருக்குக் கைகொடுத்தது தென்கொரியாவின் ஜியோ-காம்ப்சாட் 2ஏ செயற்கைக்கோள். அது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நின்று 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது. அதனால்தான் புள்ளிகளை மட்டும் எண்ணி 'எரிப்பு குறைந்தது' என்று யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை. புகையையும் பாருங்கள்.

கேள்வி: மேகத்தையும் புகையையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: மேகம் பளிச்சென்று வெள்ளை. புகை சாம்பல் நிறம், அடியில் தரை மங்கலாகத் தெரியும். சந்தேகம் வந்தால் புற ஊதாக் கதிரில் எடுத்த அளவைப் பாருங்கள். புகையும் தூசியும் அந்தக் கதிரை உறிஞ்சும், மேகம் உறிஞ்சாது. சென்டினல் 5பி என்ற செயற்கைக்கோள் அதைத் தினமும் அளக்கிறது.

கேள்வி: தார்ப் பாலைவனத் தூசி சில படங்களில் ரோஜா நிறமாக இருக்கிறதே?

பதில்: அது நாம் பூசிய நிறம். வெப்பக் கதிரின் இரண்டு அலைநீளங்களில் தூசி வேறுவேறு அளவில் உறிஞ்சுவதை வைத்துக் கணக்கிட்டது. இரவிலும் தெரியும் என்பதுதான் இதன் பெரிய பயன்.

கேள்வி: அம்மாவுக்கு ஆஸ்துமா. படத்தில் புகை இல்லையென்றால் வெளியே அனுப்பலாமா?

பதில்: படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். தரையிலிருந்து உச்சிவரை உள்ள மொத்தக் காற்றையும் சேர்த்துத்தான் அது காட்டுகிறது. புகை 3 கி.மீ. மேலே போகிறதா, மூக்குக்கு நேரே நிற்கிறதா என்று தெரியாது. லேசர் ஒளியால் புகையின் உயரத்தை அளந்த கலிப்ஸோ செயற்கைக்கோளும் 2023இல் ஓய்ந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள காற்றுத்தர நிலையத்தின் பி.எம். 2.5 (மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் மிக நுண்ணிய துகள்கள்) அளவைப் பாருங்கள். அம்மா வெளியே போவதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.