எதைக் குறித்து? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். 'கன்சர்னிங்' என்றால் 'குறித்து', அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தே தீரவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேத்தி, 'தி டிலே இஸ் கன்சர்னிங்' என்று அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுகிறாள். "எதைக் குறித்து? வாக்கியம் பாதியில் நிற்கிறதே" என்றேன். "தாமதம் கவலை தருகிறது என்று அர்த்தம் தாத்தா, எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்" என்கிறாள்.

போகட்டும் என்று விட்டிருப்பேன். சென்ற வாரம் என் மைத்துனிக்கு எடுத்த மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறிக்கையிலும் அதே சொல்! 'கன்சர்னிங் ஃபார் மேலிக்னன்சி', அதாவது புற்றுநோயோ என்று கவலை தருவது, என்று எழுதி, கீழே 'பைராட்ஸ் 4ஏ' என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டர்கள்கூட இப்படி எழுதலாமா? இது சரியான ஆங்கிலந்தானா?

இப்படிக்கு,
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

அன்புள்ள ஐயா,

மேமோகிராமை முதலில் பார்த்துவிடுவோம், இலக்கணம் காத்திருக்கும். நான் டாக்டர் அல்ல. ஆனாலும் அந்த அறிக்கையில் உங்கள் கண் பட்டிருக்க வேண்டியது கீழே இருந்த எண்ணில்தான். 'சந்தேகத்துக்குரியது', 'கவலை தருவது' என்று ஆளுக்கு ஒரு சொல் எழுத, படிக்கும் டாக்டர் தன் போக்கில் பொருள்கொள்ள, குழப்பம் மிஞ்சியது. அதைத் தீர்க்க அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு 1993இல் கொண்டுவந்த வகைப்பாட்டு முறைதான் பைராட்ஸ். அதில் 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல், 10 விழுக்காடு வரை. 4பி என்றால் 50 வரை. 4சி அதற்கும் மேலே, 95க்குள். அதாவது உங்கள் மைத்துனியின் பிரிவில் வரும் நூறு பேரில் குறைந்தது தொண்ணூறு பேருக்குப் புற்றுநோய் இருக்காது. பயாப்ஸி, அதாவது திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது, செய்தாக வேண்டும், நாள் கடத்தக் கூடாது. அதற்காகச் சோற்றை ஒதுக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை 'கவலைக்கிடம்' என்று வீட்டில் யாரும் மொழிபெயர்த்துவிடவும் வேண்டாம். நம் செய்தித்தாள்களில் அது தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கு உரிய சொல்.

இனி இலக்கணம். இதில் நான் பேத்தியின் பக்கம். 'கன்சர்ன்' என்ற வினைக்குத் தொடர்புபடுவது, கவலைப்படுத்துவது என்று இரண்டு பொருள் உண்டு. முதல் பொருளிலிருந்து வந்தது உங்கள் 'குறித்து'. நம் அரசுக் கடிதங்களில் 'பொருள்' என்ற வரியின் கடைசியில் வந்து உட்காரும் 'தொடர்பாக' என்பதற்கு உறவுக்காரன். இரண்டாம் பொருளிலிருந்து வந்தது பேத்தியின் பெயரடை. 'அலார்மிங்', 'டிஸ்டர்பிங்', 'வொர்ரியிங்' எல்லாம் பிறந்த அதே வழி. 'எ லெட்டர் கன்சர்னிங் தி ஸ்கூல்' என்றால் பள்ளியைப் பற்றிய கடிதம், 'எ கன்சர்னிங் லெட்டர்' என்றால் கவலை தரும் கடிதம். நிற்கும் இடமே பொருளைச் சொல்லிவிடுகிறது. சந்தேகம் வந்தால் முன்னால் ஒரு 'வெரி' சேர்த்துப் பாருங்கள், பெயரடை ஏற்கும், மற்றது ஏற்காது. புதுப்பழக்கம் என்றும் தள்ள முடியாது. 18ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனே இந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். நெடுங்காலம் ஓரமாகக் கிடந்தது, இப்போது கூட்டத்தோடு நடுவீதிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் கேட்ட 'எதைக் குறித்து?' என்ற கேள்வி இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். இலக்கணத்துக்காக இல்லை. 'தாமதம் கன்சர்னிங்' என்று எழுதும்போது கவலைப்படுகிறவர் காணாமல் போய்விடுகிறார். மேலாளருக்குக் கவலையா, வாடிக்கையாளருக்கா? சரக்கு வராததாலா, பணம் வராததாலா? அலுவலக ஆங்கிலத்துக்கு இந்த மங்கல் மிகவும் வசதி. கடிந்துகொண்டது போலவும் இருக்கும், யாரையும் சொன்னதாகவும் ஆகாது. தமிழ் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று பேசுகிற நாமே, அறிக்கை எழுத உட்கார்ந்ததும் 'கவலையளிப்பதாக உள்ளது' என்று நழுவிவிடுகிறோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு எழுதினால் கவலையும் உருப்படியான சொல்லாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021 மே மாதம் கொரோனா வைரஸின் டெல்டா வகையைக் 'கவலைக்குரிய திரிபு' ('வேரியன்ட் ஆஃப் கன்சர்ன்') என்று வகைப்படுத்தியது. அதற்கு முந்தைய மாதம்வரை அது 'கவனத்துக்குரிய திரிபு' மட்டுமே. வேகமாகப் பரவுகிறதா, நோயைக் கடுமையாக்குகிறதா, தடுப்பூசியின் பலனைக் குறைக்கிறதா என்று அளவுகோல் வைத்திருந்தார்கள், இவற்றில் ஒன்றுக்காவது சான்று கிடைத்தால்தான் அந்தப் பெயர். (எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்புப் பட்டியல் போடுகிறவர்கள் சிட்டுக்குருவியை இன்றும் 'கவலை மிகக் குறைந்த' பிரிவில்தான் வைத்திருக்கிறார்கள். குருவியைக் காணவில்லை என்று நம்மவர்கள் படும் கவலை அந்தக் கணக்கில் வராது.) டாக்டர் எழுதியதிலும் 'கன்சர்னிங்' என்பதற்குப் பின்னால் ஒரு 'ஃபார்' இருக்கிறது, பாருங்கள். எதை எண்ணிக் கவலை என்று அவர் சொல்லிவிட்டார், எவ்வளவு என்பதை எண் சொல்கிறது. பேத்தியின் மின்னஞ்சலில் இரண்டும் இல்லை.

அவளைத் திருத்தத்தான் வேண்டுமென்றால் அந்தச் சொல்லை அடிக்காதீர்கள். பக்கத்திலேயே 'பத்தாம் தேதிக்குள் பாகங்கள் வராவிட்டால் சோதனை ஓட்டம் தள்ளிப்போகும்' என்பதுபோல் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு 'கன்சர்னிங்' வேண்டுமா என்று அவளே பார்த்துக்கொள்வாள்.

பயாப்ஸி முடிவு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்