குடும்பத்தைப் படமெடுத்த லிசா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

‘தி சிம்ப்சன்ஸ்’ அனிமேஷன் தொடரில் 2008ஆம் ஆண்டு மே மாதம் ஒளிபரப்பான ‘எனி கிவன் சன்டான்ஸ்’ அத்தியாயத்தைப் பற்றி வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பள்ளிச் சிறுமி லிசா தன் குடும்பத்தைப் பற்றி எடுத்த ஆவணப்படம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டியில் அந்நாளில் நடந்துவந்த சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்படுவதே அதன் கதை.

கேள்வி: அரங்கம் லிசாவைப் பாராட்டுகிறது, திரையில் தங்களைக் கண்ட பெற்றோரோ கூனிக்குறுகிப் போகிறார்கள். லிசா செய்தது சரியா?

பதில்: அவள் பொய்யான காட்சி எதையும் எடுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் சண்டையும் உண்டு, அன்பும் உண்டு. அவற்றுள் எது படத்தில் நிற்க வேண்டும் என்பதைப் படத்தொகுப்பில் அமர்பவரே முடிவு செய்கிறார் என்பதால், அந்த அதிகாரத்துக்கு உரிய பொறுப்பும் அவரையே சேரும். முன்பின் அறியாதவர்கள் நிறைந்த அரங்கில் குடும்பத்தாரை உட்கார வைத்து, அவர்களுடைய வாழ்க்கையைத் திரையில் விரித்ததுதான் லிசாவின் தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 1922இல் வெளியான ‘நானூக் ஆஃப் தி நார்த்’ ஆவணப்படத்துக்காக இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி வட கனடாவில் எடுத்த காட்சிகளை அங்கேயே கழுவி, அவற்றில் தோன்றிய இனுயிட் பழங்குடி மக்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தின் மீது வேறு குறைகள் பல உண்டு என்றாலும், இந்த ஒரு மரியாதையை லிசாவும் தன் வீட்டாருக்குச் செய்திருக்கலாம். அவள் படத்தின் பெயரான ‘கேப்சரிங் தி சிம்ப்சன்ஸ்’, 2003இல் சன்டான்ஸில் ஆவணப்படத்துக்கான நடுவர் குழுப் பெரும்பரிசு பெற்ற ‘கேப்சரிங் தி ஃப்ரீட்மன்ஸ்’ என்ற படத்தை நினைவூட்டுகிறது. ஒரு குடும்பம் தன்னைத்தானே எடுத்துவைத்த வீடியோக்கள் இடம்பெற்ற படம் அது. ஆகவே, வீட்டுக்குள் எடுத்ததை ஊருக்குக் காட்டலாமா என்ற கேள்வியை எழுத்தாளர்கள் தெரிந்தே எழுப்பியிருக்கிறார்கள்.

கேள்வி: லிசாவின் பள்ளியில் படிக்கும் முரட்டுச் சிறுவன் நெல்சனின் படம் திடீரென வந்து எல்லாவற்றையும் முடித்து வைப்பது ஏமாற்றமாக இல்லையா?

பதில்: ஏமாற்றம்தான். தாயுடன் தான் படும் பாட்டை நெல்சன் படமாக்கிக் காட்டியதும் கூட்டத்தின் கவனம் அங்கே திரும்பிவிடுகிறது. சிம்ப்சன் குடும்பத்தின் அவமானம் தீர்க்கப்படாமல் மறக்கப்படுகிறது. எனினும் இயக்குநர் ஜிம் ஜார்முஷைத் தம் குரலிலேயே பேச வைத்தது நல்ல தேர்வு. ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் படமொன்றில் மீந்த படச்சுருளைக் கொண்டு தொடங்கி, 1984இல் ‘ஸ்ட்ரேஞ்சர் தன் பாரடைஸ்’ படத்தை முடித்துக் கான் திரைப்பட விழாவில் புது இயக்குநர்களுக்கான கேமரா தோர் விருது பெற்றவர் அவர். குறைந்த பணத்தில் படமெடுத்துக் காட்டிய அவரைவிட லிசாவிடம் பேசத் தகுந்தவர் சிலரே.

கேள்வி: இதே தொடரில் 1995இல் வந்த திரைப்பட விழா அத்தியாயம் இதைவிடச் சிறந்தது என்கிறார்களே?

பதில்: நானும் அப்படித்தான் சொல்வேன். ‘எ ஸ்டார் இஸ் பர்ன்ஸ்’ என்ற அந்த அத்தியாயத்தில் ‘தி கிரிட்டிக்’ என்ற வேறொரு தொடரின் நாயகனைக் கொண்டுவந்து சேர்த்தது பிடிக்காமல், ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் அந்த அத்தியாயத்திலிருந்து தம் பெயரையே நீக்கச் செய்தார். அவருடைய எதிர்ப்பில் நியாயம் இருந்தாலும், அதில் குடிகாரன் பார்னி தன்னைப் பற்றியே எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படம் இந்தத் தொடரின் மிக நேர்மையான காட்சிகளுள் ஒன்று. பார்னி அம்பலப்படுத்துவது தன் வாழ்க்கையை என்பதால், யாரிடமும் அனுமதி கேட்கும் தேவை அவனுக்கு இல்லை. குடியை விட்டுவிடுவதாகச் சொல்லும் அவனுக்கு ஆயுள் முழுவதற்குமான பீர் பரிசாகக் கிடைக்க, அவன் மீண்டும் குடியிலேயே விழுகிறான். நெல்சனைக் கொண்டு 2008ஆம் ஆண்டுக் கதை தேடிக்கொண்ட ஆறுதலை 1995ஆம் ஆண்டுக் கதை பார்னிக்குத் தரவில்லை. அதனாலேயே எனக்கு அது உயர்ந்ததாகப் படுகிறது.