பிரித்துத் தைத்த கை

கேள்வி: உலகப் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

கிறிஸ்டோபால் பலென்சியாகா. இந்தப் பெயரைச் சொன்னதும் இன்று நிறையப் பேருக்கு விலை கூடிய ஷூவும் கைப்பையும் விற்கிற கம்பெனிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அந்தக் கம்பெனியைத் தொடங்கிய மனிதரை. 1895-இல் பிறந்து 1972-இல் மறைந்த ஒரு தையல்காரரை.

நான் பாளையங்கோட்டையில் பதினெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் உவரிப் பக்கம். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா வீட்டில் மெஷின் மிதித்தாள். பலென்சியாகா பிறந்ததும் ஒரு மீன்பிடி ஊரில்தான். ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில் பாஸ்க் மக்கள் வாழும் பகுதி, கெட்டாரியா என்று பெயர். அப்பா படகுக்காரர், மகன் சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துபோனார். அம்மா மார்ட்டினா எய்சாகிர்ரே தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. எங்கள் தெருவிலேயே அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. கடலுக்குப் போன ஆள் திரும்பி வந்திருக்க மாட்டார், திண்ணையில் ஒரு மெஷின் வந்திருக்கும்.

கெட்டாரியாவுக்குக் கோடைக்கு வந்து தங்கும் பிரபுக் குடும்பம் ஒன்று இருந்தது. காசா டோரெஸ் குடும்பம். அந்த வீட்டுச் சீமாட்டிக்கு மார்ட்டினா தைத்துக்கொடுப்பார், பையனும் கூடவே போவான். சீமாட்டி உடுத்தியிருந்த உடுப்பைப் பார்த்து, இதே மாதிரி என்னால் தைக்க முடியும் என்று பையன் சொல்ல, அவர் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னாராம். பன்னிரண்டு வயதில் பக்கத்து நகரமான சான் செபாஸ்தியானில் தையல்காரர்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1917-இல் அங்கேயே சொந்தக் கடை. பிறகு மாட்ரிட், பார்சிலோனா. ஸ்பெயினில் இருந்த கடைகளுக்கு அவர் வைத்த பெயர் எய்சா. அம்மாவின் குடும்பப் பெயரான எய்சாகிர்ரேயைச் சுருக்கியது. பின்னாளில், 1960-இல், அந்தக் காசா டோரெஸ் வழியில் வந்த ஃபாபியோலா பெல்ஜியம் அரசரைக் கட்டியபோது கல்யாண உடுப்பைத் தைத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மார்ட்டினாவின் மகன்தான்.

உள்நாட்டுப் போரில் ஸ்பெயின் கடைகளை மூட வேண்டியதாயிற்று. 1937-இல் பாரிசில், ஜார்ஜ் ஐந்தாம் அவென்யூவில் பத்தாம் எண் கட்டடத்தில் கடை திறந்தார். அப்போது வயது நாற்பத்திரண்டு. அடுத்த முப்பது வருஷம் பாரிஸ் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாரிசின் பெரிய வடிவமைப்பாளர் ஜிவான்ஷி அவரைக் குருவாக வைத்திருந்தார். பின்னாளில் பெயர் வாங்கிய வடிவமைப்பாளர்கள் கூரேஷ், உங்காரோ இருவரும் அவரிடம் வேலை கற்றவர்கள். யாரையும் லேசில் மெச்சாத வடிவமைப்பாளர் கொக்கோ ஷனேலே, துணியை வெட்டுவதிலிருந்து கையால் தைத்து முடிப்பதுவரை முழுவதும் தானே செய்யத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் இந்தப் பெருமை எதுவும் இல்லை. கை. உடுப்பின் கையைச் சொல்கிறேன்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பக்கவாட்டுத் தையலை யாரும் போட்டுவிடலாம். கை ஏற்றுவதுதான் பரீட்சை. கையின் மேல் வளைவு கைக்குழியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்தக் கூடுதல் துணியை வெளியே ஒரு சுருக்கம் தெரியாமல் உள்ளே ஊட்டிவிட வேண்டும். ஊட்டியது ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் கை முன்னால் திரும்பும், இல்லையென்றால் பின்னால் இழுக்கும். பலென்சியாகா வாழ்நாள் முழுக்க இதோடு மல்லுக்கட்டியவர். முடிந்துபோன கோட்டாக இருந்தாலும் கை சரியாக உட்காரவில்லை என்றால் பிய்த்துவிட்டு மறுபடி ஏற்றுவார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் கையைத் தூக்கினால் உடுப்பு கூடவே ஏறக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மறுநாள் ஊரில் புதுநன்மை, பிள்ளைகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அம்மா ஒன்பது பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு தைத்திருந்தாள், எல்லாம் இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கியது. ராத்திரி பத்து மணிக்கு அதில் ஒன்றை எடுத்து மடியில் வைத்து, பாதி பிளேடால் கையைப் பிரிக்க ஆரம்பித்தாள். நூல் அறுகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. எதுக்கும்மா, யாருக்குத் தெரியப்போகுது என்றேன். "அந்தப் பிள்ள மெழுகுதிரி பிடிச்சிட்டு நடக்கணும்லா. கையத் தூக்கும்போது இழுக்கும். பிரிக்கதுக்குச் சோம்பல்பட்டா தைக்கக் கூடாது ஏட்டி, பாத்துக்க" என்றாள். பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஈரத் துணி வைத்துத் தேய்த்து அவற்றை மூடிவிட்டுத்தான் மறுபடி ஏற்றினாள்.

அதே உடுப்புகளின் கீழ் மடிப்புக்குள் அம்மா இன்னொன்றும் வைப்பாள். அப்பாவின் வலையில் கோக்கிற ஈயக்குண்டு, பாவாடைக்கு நாலைந்து. கச்சான் காற்று அடிக்கிற ஊரில் கோவில் முற்றத்தைக் கடப்பதற்குள் பாவாடை தலைக்கு மேல் போய்விடும். ஈயம் அதைப் பிடித்துவைக்கும். ரொம்ப நாள் இதை எங்கள் ஊர்க் கைவைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். 2017-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பலென்சியாகா உடுப்புகளை எக்ஸ்ரே எடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் படங்களை இணையத்தில் பார்த்தேன். வெளியே காற்றில் மிதப்பதுபோல் தெரிகிற உடுப்பு, உள்ளே பட்டைகளும் துணியை இழுத்துப் பிடிக்கிற சின்னச் சின்ன எடைகளும். போனை அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

அவர் கொண்டுவந்த வடிவங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் இடுப்பை இறுக்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர் இடுப்பை விட்டுவிட்டார். 1951-இல் முன்பக்கம் மட்டும் உடம்போடு ஒட்டி, முதுகில் தளர்ந்து விழும் சூட். 1955-இல் டியூனிக், இடுப்பை இறுக்காமல் நேராக விழும் நீள மேலுடுப்பு. 1957-இல் சாக்கு மாதிரி நேராக விழும் உடுப்பு. 1958-இல் ஆப்ரகாம் என்ற சுவிஸ் துணிக் கம்பெனியோடு சேர்ந்து கஸார் என்ற பட்டுத் துணியை உண்டாக்கினார். நன்றாக முறுக்கிய நூலில் நெய்தது. மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும், தாங்கலே வேண்டாம்.

இதில் எனக்கு உதவியது ஒன்று உண்டு. உடம்புக்கும் துணிக்கும் நடுவில் காற்றுக்கு இடம் விட்டவர் அவர். காலரைக் கழுத்திலிருந்து சற்றே தள்ளிவைப்பார், கையை மணிக்கட்டுக்கு மேலேயே நிறுத்துவார். வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளிய, வயது ஏறிய பெண்களும் அவரிடம் நிறையத் தைத்தார்கள், அவர்கள் மேல் அந்த உடுப்பு அழகாக இருந்தது. என் கடைக்கு வருகிற அக்காமார் பாதிப் பேர் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "நான் தடிச்சிட்டேன் கண்ணு, எப்படியாவது பாத்துத் தச்சிரு" என்று கூசிக்கொண்டே சொல்வார்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஒரு டீச்சர் அக்காவுக்குக் கரும்பலகையில் எழுதக் கை தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. வேறொரு கடையில் கைக்குழியை மேலும் மேலும் பெரிதாக வெட்டிக் கொடுத்திருந்தார்கள். குழி பெரிதானால் கை சுலபமாக ஏறும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால்தான் கை மட்டும் தனியாகத் தூக்கும், உடம்புத் துணி அசையாது. நான் முக்கால் அங்குலம் உயர்த்தி, கையை அதற்குத் தக்க அகலமாக வெட்டினேன். அந்த அக்கா கடையிலேயே இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஷோ முடிந்ததும் எல்லோர் முன்னாலும் வந்து வணக்கம் வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பேட்டியும் கொடுத்ததில்லை, கடைசிக் காலத்தில் ஒரே ஒரு முறை தவிர. ஒவ்வொரு சீசனிலும் ஒரு கறுப்பு உடுப்பை மட்டும் முழுக்கத் தன் கையாலேயே தைத்துவைப்பார். 1968-இல், ரெடிமேட் காலம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் கடையை மூடிவிட்டார். ஏர் பிரான்ஸ் விமானப் பணிப்பெண்களுக்கு அவர் வடிவமைத்த சீருடையும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. கடையை மூடி நாலு வருஷம் கழித்து, 1972 மார்ச்சில், ஒரு கல்யாண உடுப்பைத் தைத்துக் கொடுத்த சில வாரங்களுக்குள் காலமானார். அடக்கம் கெட்டாரியாவில். 2011-இல் அங்கேயே அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

1961-இல் அவர் ஒரு கோட்டு வெட்டினார். ஒரே துண்டுத் துணி, ஒரே ஒரு தையல், மற்றதெல்லாம் டக் பிடித்து வந்த வடிவம். கையும் அதே துண்டிலிருந்து திரும்பி வருகிறது, தனியாக ஏற்றவே வேண்டாம். ஆயுள் முழுக்கக் கையைப் பிரித்துப் பிரித்து ஏற்றியவர் கடைசியில் அந்த இணைப்பையே இல்லாமல் ஆக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு நான் அதை வெட்டிப் பார்க்கிறேன். முதலில் செய்தித்தாளில், அப்புறம் காடாத் துணியில். இது மூன்றாவது தடவை. வலது தோள் உட்கார்ந்துவிட்டது, இடது தோளில் இன்னும் ஒரு இழுப்பு இருக்கிறது.