கேமிங் கணினி: ஆயத்தமாக வாங்குவதா, பாகம் பாகமாகப் பூட்டுவதா?

கேமிங் கணினி வாங்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நிறுவனமே பூட்டிச் சோதித்துப் பெட்டியில் வைத்து விற்பதைப் ‘பிராண்டட்’ என்றும், பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டுவதை ‘அசெம்பிள்டு’ என்றும் கடைத்தெரு வழக்கப்படியே குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி (ஒரு தந்தை, மதுரை): மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கணினிக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அசெம்பிள் செய்தால் முப்பதாயிரம் மிச்சமாகும் என்று அடித்துச் சொல்கிறான். நம்பலாமா?

பதில்: அவ்வளவு மிச்சமாகும் என்று நம்பி இறங்க வேண்டாம். பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும் நாட்களில் அசெம்பிள்டு கணினி ஓரளவு மலிவாக அமையும் என்பது உண்மைதான். ஆனால் தட்டுப்பாடு வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். 2021-இல் மெய்நிகர் நாணய ‘மைனிங்’ (கணினிகளை ஓயாமல் கணக்குப் போட வைத்து நாணயம் ஈட்டுவது) செய்தவர்கள், திரைக்காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிச் சென்றபோது, தனியாக ஒரு கார்டை வாங்குவதைவிட அதே கார்டு பொருத்திய முழுக் கணினியை வாங்குவது பல நேரங்களில் லாபமாக இருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மெய்நிகர் நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதோடு அந்த அலை ஓய்ந்தது. பிறகு 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பக்கம் நினைவகச் சில்லுகள் போய்விட, ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் ‘குருஷியல்’ என்ற தன் சில்லறை வணிகத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இத்தகைய வேளையில், பழைய விலைக்கு ரேம் கொள்முதல் செய்து வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் கணினியே மலிவாகக் கிடைக்கக்கூடும்.

ஆகவே, ஒரே நாளில் இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். விண்டோஸ் உரிமம், வைஃபை, கூடுதல் விசிறிகள் ஆகியவற்றைப் பிள்ளைகள் தங்கள் கணக்கில் வசதியாக மறந்துவிடுவார்கள். அவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். அசெம்பிள்டு கணினியின் மெய்யான மிச்சம் நான்கைந்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்: கேபினெட் (வெளிக்கூடு), எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டையோ கணினியின் மூளையான பிராசஸரையோ மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): இணையக் கடையில் ஒரு கேமிங் கணினி பார்த்தேன். ‘கோர் ஐ5, ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ், 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி’ என்று போட்டிருக்கிறார்கள். விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: அந்த விளம்பரத்தில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டிருப்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ‘கோர் ஐ5’ என்ற பெயரில் இன்டெல் 2009 முதல் பிராசஸர்களை விற்று வந்திருக்கிறது. எந்தத் தலைமுறை, எந்த எண் என்று சொல்லாத வரையில் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. கிராபிக்ஸ் கார்டிலும் அப்படியே: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி நினைவகம் உள்ளதும் 16 ஜிபி உள்ளதும் விற்பனையாகின்றன, புதிய விளையாட்டுகளை உயர்ந்த காட்சித் தரத்தில் ஓட்டும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 16 ஜிபி ரேம் என்பது இரண்டு 8 ஜிபி குச்சிகளா, ஒற்றை 16 ஜிபி குச்சியா என்று கேளுங்கள். ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டு தடங்களில் ஓட வேண்டிய தரவு ஒரே தடத்தில் ஓடும், வேகம் குறையும். பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் விற்பனையாளர்கள் கைவைக்கும் முதல் இடங்களில் இதுவும் ஒன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, எஸ்எம்பிஎஸ் பற்றிய விவரத்தைக் கேளுங்கள். ‘550 வாட்ஸ்’ என்று மட்டும் எழுதி, தயாரிப்பாளர் பெயரை மறைத்திருந்தால், நான் அந்தக் கணினியை வாங்க மாட்டேன். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (வெண்கலம்), ‘கோல்டு’ (தங்கம்) என்ற சான்றுகள் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைத்தான் அளக்கின்றன, பாதுகாப்பை அல்ல. ஆனாலும் சான்றே இல்லாத, பெயரே தெரியாத பெட்டியைக் காட்டிலும் சான்றுள்ள, பெயருள்ள பெட்டி மேல். மலிவான எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது சில வேளைகளில் மதர்போர்டையும் (பாகங்களை இணைக்கும் தாய்ப்பலகை) கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே இழுத்துச் செல்லும்.

பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகிய ஆறின் முழு மாடல் எண்களையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தயங்காமல் தருகிறவரிடம் வாங்கலாம். ‘அதெல்லாம் ஸ்டாக்கைப் பொறுத்தது சார்’ என்று மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி (அரசு ஊழியர், சேலம்): பெரிய நிறுவனத்தின் கணினியை வாங்கிவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்துக் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: எந்தக் கணினி என்பதைப் பொறுத்தது. இன்டெல் 1995-இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறையைப் பின்பற்றும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். டெல், ஹெச்பி போன்ற நிறுவனங்களின் பல மேசைக் கணினிகளில் மதர்போர்டின் வடிவமும் எஸ்எம்பிஎஸ் இணைப்புகளும் அந்நிறுவனங்களுக்கே உரியவை. அங்கே வலுவான கார்டு போடுவதற்காக எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம் என்று போனால் இணைப்பு பொருந்தாது, கேபினெட்டில் இடமும் இருக்காது. வாங்குவதற்கு முன் உட்புறப் படத்தைப் பார்த்து, மதர்போர்டுக்குச் செல்லும் தடித்த மின்கம்பி 24 முனைகள் கொண்டதா என்று கவனியுங்கள்.

பிராசஸரையும் பின்னாளில் மாற்றும் எண்ணம் இருந்தால், மதர்போர்டில் அது அமரும் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது. 2017-இல் விற்ற பல மதர்போர்டுகளில் பயாஸை (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிட்டு 2022-இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டியைப் போட முடிந்தது. அடுத்து வந்த ஏஎம்5-ஐ 2027-ஐத் தாண்டியும் ஆதரிப்பதாக ஏஎம்டி கூறியிருக்கிறது. இன்டெல் இவ்வளவு காலம் ஒரே சாக்கெட்டோடு நிற்பதில்லை. எனினும், பிராண்டட் கணினியில் புதிய பயாஸை அந்த நிறுவனம் வெளியிட்டால்தான் உண்டு.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கினால் கடைக்காரரே பூட்டித் தருகிறார். நானே பூட்டுவதைவிட அது மேலா?

பதில்: முதன்முறை வாங்குகிற பலருக்கு நான் சொல்லும் வழியே இதுதான். பாகங்களைத் தேர்வு செய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. பூட்டும்போது ஏதாவது வளைந்தாலோ உடைந்தாலோ பொறுப்பு கடைக்காரருடையது. ஆனால் எந்த மாடல் என்று நீங்கள் முடிவு செய்யாமல், ‘ஒரு லட்சத்துக்கு நல்லதா ஒன்னு போட்டுக் கொடுங்க’ என்று கேட்டுவிட்டால், கடையில் தேங்கிக் கிடக்கும் சரக்கெல்லாம் உங்கள் கேபினெட்டுக்குள் வந்து உட்காரும். எழுதிய பட்டியலோடு போய், மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒரு கடையில் பிராசஸர் மலிவாகவும் ரேம் விலை கூடுதலாகவும் இருக்கும். மொத்தத் தொகையை வைத்துத்தான் பேரம் பேச வேண்டும்.

பிராசஸர் பெட்டியோடு வருகிறதா, ‘ட்ரே’யில் (சில்லறைப் பெட்டி இல்லாமல், மொத்தச் சரக்காக) வருகிறதா என்று கேளுங்கள். பெட்டியில் வருவதற்கு இன்டெலும் ஏஎம்டியும் மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகின்றன; ட்ரே பிராசஸர் சற்று மலிவு, ஆனால் பழுதானால் கடைக்காரரைத்தான் நம்பியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்த சரக்கென்றால் இந்திய உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகுமே என்ற சபலத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். உங்கள் கண்ணெதிரே பெட்டிகளைப் பிரித்துப் பூட்டச் சொல்லி, காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி (மாணவி, திருநெல்வேலி): பாகங்களை வாங்கிவிட்டேன். நானே பூட்டப் போகிறேன். எங்கே தவறு நேரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: நல்லது. மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் வைப்பதற்கு முன்பே, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துப் பிராசஸர், அதைக் குளிர்விக்கும் கூலர், ரேம் மூன்றையும் பொருத்திவிடுங்கள். குறுகிய இடத்துக்குள் விரலை நுழைத்துத் தவிக்க வேண்டியிருக்காது. பிராசஸரின் மூலையில் உள்ள சிறு முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒரே திசையில் இருக்க வேண்டும், அழுத்தவே கூடாது. புதிய சாக்கெட்டுகளில் ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன, மயிரிழை போன்றவை. வளைந்தால் உத்தரவாதம் பேசாது. சாக்கெட் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள், சர்வீஸுக்கு அனுப்பும்போது அதைக் கேட்பார்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டிவிட்டு, பிராசஸர் கொதிக்கிறதே என்று அழுகிறவர்கள் ஏராளம்.

நான்கு ரேம் பள்ளங்கள் இருந்தால், இரண்டு குச்சிகளையும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது பள்ளங்களில் செருக வேண்டும் என்பதே பெரும்பாலான மதர்போர்டுகளின் முறை. கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 8 முனைக் கம்பிகளில் ஒன்று பிராசஸருக்கு, மற்றொன்று கிராபிக்ஸ் கார்டுக்கு; தோற்றத்தில் ஒத்திருந்தாலும் இடம் மாற்றிச் செருகக் கூடாது, கம்பியிலேயே எழுதியிருக்கும். திரையின் கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

எல்லாம் முடித்துப் பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 என்ற வகை ரேம் உள்ள கணினி முதல்முறை உயிர்பெறும்போது நினைவகத்தைத் தனக்கேற்பச் சரிசெய்துகொள்ள சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்திவிடாமல் பொறுத்திருங்கள். பிறகு பயாஸுக்குள் சென்று, இன்டெல் ஆனால் எக்ஸ்எம்பி, ஏஎம்டி ஆனால் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். இல்லையேல் காசு கொடுத்து வாங்கிய வேகமான ரேம், அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி (அதே மாணவி): கையிலிருந்து ஸ்டாடிக் மின்சாரம் பாய்ந்து பாகங்கள் கெட்டுவிடுமா?

பதில்: நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அது அரிது. நைலான் துணி, கம்பளம் ஆகியவற்றைத் தவிர்த்து, அவ்வப்போது கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுக்கொண்டால் போதும்.

கேள்வி (வணிகர், தஞ்சாவூர்): எங்கள் பகுதியில் மின்வெட்டு அதிகம். வீட்டில் 600 விஏ யூபிஎஸ் இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. 600 விஏ என்று எழுதிய யூபிஎஸ் பொதுவாக 360 வாட்ஸ் அளவுக்குத்தான் தாங்கும். நடுத்தரக் கேமிங் கணினியும் திரையும் சேர்ந்து விளையாட்டின் உச்சத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். மின்சாரம் போன மறுகணமே யூபிஎஸ் கூவிவிட்டு அணைந்துவிடும். 600 வாட்ஸுக்குக் குறையாமல் தரும் 1000 அல்லது 1100 விஏ யூபிஎஸ் வாங்குங்கள், வசதி இருந்தால் தூய சைன் அலை (மின்வாரியம் தருவதைப் போன்ற சீரான மின்சாரம்) தருவதாக. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அதை ‘யூபிஎஸ்’ நிலையில் வையுங்கள்; மின்சாரம் நின்றபின் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் நேரம் சுமார் 16 மில்லி விநாடிதான், சிக்கன நிலையில் உள்ள இன்வெர்ட்டர் அதற்குள் விழித்துக்கொள்ளாது. கேபினெட்டைத் தொடும்போது சுருக்கென்று இருந்தால் எர்த்திங் சரியில்லை என்று பொருள், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிராண்டட், அசெம்பிள்டு இரண்டுக்கும் இது ஒன்றே.

கேள்வி (ஆசிரியை, வேலூர்): ஏசி இல்லாத அறை. ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?

பதில்: முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டைத் தவிர்த்து, வலைபோன்ற முகப்பு உள்ளதை எடுங்கள். பிராண்டட் கணினி வாங்கினால் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்று பாருங்கள். வண்ண விளக்குகளைப் பார்க்காதீர்கள்.

கேள்வி (புகைப்படக் கலைஞர், திருச்சி): பழுதானால் எது வசதி?

பதில்: உத்தரவாதக் காலத்துக்குள் பிராண்டட் வசதி, ஒரே எண்ணுக்கு அழைத்தால் போதும், சில மாடல்களுக்கு வீட்டுக்கே ஆள் வருவார். அசெம்பிள்டில் எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பதே உங்கள் வேலை. அதன்பின் அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத் தனித்தனியே அலைய வேண்டும். ஆனால் பிராண்டட் கணினிக்கு ஓராண்டு உத்தரவாதமே பரவலாக இருக்கிறது, பாகங்களுக்கோ பெரும்பாலும் மூன்று ஆண்டு, நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு அதைவிடக் கூடுதல். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைப் பிராசஸர்கள் சில நிலைகுலைவது 2024-இல் தெரியவந்து, பயாஸ் புதுப்பிப்பும் கூடுதலாக இரண்டு ஆண்டு உத்தரவாதமும் அறிவிக்கப்பட்டபோது, பெட்டியில் வாங்கியவர்கள் இன்டெலை நேரடியாக அணுக முடிந்தது; முழுக் கணினியாக வாங்கியவர்கள் அந்தக் கணினியை விற்ற நிறுவனத்தின் வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது.

கேள்வி (வங்கி ஊழியர், ஓசூர்): எனக்குக் கணினியைத் திறந்து பார்க்கும் ஆசையே இல்லை. இரவில் இரண்டு மணி நேரம் விளையாட வேண்டும், அவ்வளவுதான்.

பதில்: அப்படியானால் பிராண்டட் வாங்குங்கள், அதில் குறையேதுமில்லை. மேலே கோவை நண்பருக்குச் சொன்ன ஆறு மாடல் எண்களை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். கணினி வந்ததும் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பு ஒரேயொரு முறை பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். சீல் ஒட்டியிருந்தால் விற்பனையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். பயணத்தில் கிராபிக்ஸ் கார்டு அசையாதிருக்க உள்ளே நுரைப்பஞ்சு அடைத்து அனுப்புவார்கள். அதை எடுக்காமல் இயக்கினால் விசிறிகள் சிக்கிக்கொள்ளும். கார்டு தன் பள்ளத்தில் சாயாமல் முழுதாக அமர்ந்திருக்கிறதா, ரேம் குச்சிகள் சொன்ன எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பார்த்து, சீரியல் எண்களைப் படம் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். திருப்பி அனுப்பும் அவகாசம் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பரண்மேல் போட்டு வையுங்கள்.