மேடையில் ஆம்ப் இல்லாமல் கிட்டார்: கேட்டவையும் சொன்னவையும்

சபையின் சவுண்ட் சிஸ்டத்தில் கிட்டார், பாஸ், கீபோர்டு எல்லாவற்றையும் மேடையில் ஆம்ப் (அந்தக் கருவிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) இல்லாமல் நேராகக் கொடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னது தப்பாகிவிட்டது, கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பாதி நாள் கிட்டார் வாசிப்பவன், பாதி நாள் மிக்சருக்குப் பின்னால் உட்காருகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எலெக்ட்ரிக் கிட்டாரை நேராக மிக்சரில் சொருகினால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டால் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி. மிக்சர் கெட்டுப்போச்சா?

மிக்சர் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றது போகவில்லையே என்று பலர் குழம்புவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு ஒரு இன்புட் காட்டும் எதிர்ப்பு. கிட்டார் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) பலவீனமானது, தன்னிடமிருந்து கரண்டை இழுக்காத ஒரு இன்புட் அதற்கு வேண்டும். ஆம்பின் இன்புட் சுமார் 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகாஓம். மிக்சரின் லைன் இன்புட் 10,000 ஓம் அளவுதான், மைக் இன்புட் அதைவிடவும் குறைவு. அங்கே சொருகினால் பிக்கப் திணறும், மேல் ஸ்தாயி முழுக்க அமுங்கிவிடும். போர்வைச் சத்தம் அதுதான். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வைத்தால் தீரும். சில மிக்சர்களில் இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இசட் என்று எழுதிய பட்டன் உண்டு, அதுவும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவதைத்தான் யாரும் சொல்வதில்லை. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் வெறும் ஒலிபெருக்கி இல்லை, அது ஒரு வடிகட்டி. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதில் சத்தம் சட்டென்று விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கரகரப்பில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. சபையின் ஸ்பீக்கரோ 15,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் பளிச்சென்று கொடுக்கும், குளவி வெளியே வந்துவிடும். அதனால் ஸ்பீக்கரை எடுத்த இடத்தில் அதன் வேலையைச் செய்ய வேறொன்று வேண்டும். கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலியை வடிகட்டுவது) உள்ள பெடலோ, ஐஆர் (ஒரு ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் பதிந்த ஃபைல்) ஏற்றக்கூடிய மாடலரோ (ஆம்பைப் போல ஒலிக்கும் டிஜிட்டல் கருவி), எதுவானாலும் சங்கிலியில் கடைசியாக இருக்கட்டும். அவசரத்துக்கு மிக்சர் ஈக்யூவில் லோ-பாஸ் (மேல் ஸ்தாயியை வெட்டும் வடிகட்டி) இருந்தால் 5,000 பக்கம் வைத்து வெட்டுங்கள், ஒரு ஆராதனையை ஓட்டிவிடலாம்.

கேள்வி: பாஸ் கிட்டாருக்கும் இவ்வளவு பாடு உண்டா?

இல்லை. டிஐ பாக்ஸ் போதும். பாஸ்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கேள்வி: ஆக்டிவ் டிஐயா, பாசிவ் டிஐயா?

பேட்டரி போடாத சாதாரணக் கிட்டார், பாஸ் என்றால் ஆக்டிவ். அது மிக்சரின் 48 வோல்ட் ஃபான்டத்திலோ (மைக் கேபிள் வழியாகவே மிக்சர் அனுப்பும் மின்சாரம்) பேட்டரியிலோ ஓடும். கீபோர்டு, மாடலர், பேட்டரி போட்ட பாஸ் என்றால் பாசிவ் தாராளம். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், கிரவுண்ட் வழியாக வரும் இரைச்சலையும் தடுத்துவிடும். அக்கூஸ்டிக் கிட்டாரில் பீசோ பிக்கப் மட்டும் இருந்து, சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லையென்றால் பாசிவ் டிஐ பக்கமே போகாதீர்கள், தகரம் தட்டுவது போல வரும்.

கேள்வி: கீபோர்டில் இரண்டு அவுட் இருக்கிறது. எங்கள் ஹால் ஸ்பீக்கர் மோனோதான். இரண்டையும் கொடுக்கலாமா?

வேண்டாம். எல்/மோனோ என்று எழுதிய ஒன்றை மட்டும் கொடுங்கள். இரண்டையும் கொடுத்து மோனோவில் கலந்தால் சில பியானோ சத்தங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

கேள்வி: பிரதர், எங்கள் சபையில் ஒரே ஹம் சத்தம். என்ன செய்வது?

கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஹம் கூடிக் குறைந்தால் சிங்கிள் காயில் பிக்கப் காற்றிலிருந்து வாங்கும் இரைச்சல், டிஐ அதற்கு ஒன்றும் செய்யாது. மாறவே இல்லையென்றால் கிரவுண்ட் லூப்பாக (கருவிகளின் கிரவுண்ட் இரண்டு வழியாக இணைந்து வளையமாவது) இருக்கலாம், டிஐயின் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் துண்டிக்கிறது. பவர் ப்ளக்கின் எர்த் பின்னை யாரும் தொடக்கூடாது. 1972-ல் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில், நடுவில் நீங்கள்.

கேள்வி: என் வால்வு ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை மிக்சரில் கொடுத்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிடலாமா?

கூடவே கூடாது. மிக்சர் இன்புட் போகும், ஸ்பீக்கர் இல்லாமல் ஓடுவதால் ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) இருந்தால் மட்டும் பேசலாம்.

கேள்வி: டிஐ பாக்ஸ் இல்லாமல் நேராக மிக்சரில் சொருகினால் என்ன?

முதல் பதில்.

கேள்வி: நீங்கள் எல்லாரும் சவுண்ட்காரர் வசதிக்குப் பேசுகிறீர்கள். ஆம்ப் பின்னால் காற்றைத் தள்ளாமல் வாசித்தால் கையில் உயிரே வராது. அப்புறம், டிரம்ஸை விட்டுவிட்டு கிட்டார்காரனை மட்டும் ஏன் அடக்குகிறீர்கள்?

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன், அந்த உணர்வு நிஜம். ஆனால் ஆம்ப் உங்கள் முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறது, காது ஐந்தடிக்கு மேலே. மேல் ஸ்தாயி ஸ்பீக்கரிலிருந்து டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். உங்களுக்குக் கேட்காததால் டிரெபிளை ஏற்றுகிறீர்கள், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் காதில் அது ஊசியாக இறங்குகிறது. ஆம்ப் வேண்டும் என்றால் பக்கத்து அறையில் வைத்து மைக் போடுங்கள், நான் தடுக்கவில்லை.

கேள்வி (ஒரு டிரம்மர்): கடைசியில் பழி எங்கள் மேல்தானா? கண்ணாடித் தடுப்புக்குள் உட்காரவைத்தாயிற்று, இன்னும் என்ன?

பழி இல்லை தம்பி, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அக்கூஸ்டிக் டிரம்ஸ் வைத்துக்கொண்டு சத்தமில்லாத மேடை என்று சொல்வது பாதி உண்மைதான். அந்தத் தடுப்பும் சத்தத்தை விழுங்காது, பின்சுவருக்குத் திருப்பி அனுப்பும், அது சுவரில் பட்டுத் தடுப்புக்கு மேலே ஏறி ஹாலுக்கு வந்துவிடும். பின்னால் கனமான உறிஞ்சும் பொருள் வைத்தால்தான் தடுப்புக்கு அர்த்தம்.

கேள்வி (முன்பு கேட்ட ஆம்ப் பிரியர்): பார்த்தீர்களா! முதலில் அவர் ஸ்டிக்கை மாற்றட்டும், நான் ஆம்பை வெளியே வைக்கிறேன்.

மாற்றட்டும், மெல்லிய ஸ்டிக், ராட்ஸ் (மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ஸ்டிக்) எல்லாம் உதவும். ஆனால் ஒருவர் குறைத்தால்தான் மற்றவர் குறைப்பேன் என்றால் இரண்டு பேரும் ஏற்றிக்கொண்டேதான் போவீர்கள், நடுவில் பாடுகிறவர் தொண்டை போகும். நேரில் சந்தித்துச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு இன்னும் கேள்விகள் பாக்கி இருக்கின்றன.

கேள்வி: வீட்டில் ஹெட்போனில் அருமையாக வைத்த டோன் சபையில் கேவலமாக இருக்கிறதே?

மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் ஸ்தாயியும் உச்சமும் குறைவாகவே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால் வீட்டில் பேஸையும் டிரெபிளையும் ஏற்றி வைக்கிறீர்கள், ஹாலில் சத்தம் கூடியதும் அவை வீங்கி, கிட்டார் வாழும் நடுப்பகுதி காணாமல் போகிறது. ஹாலுக்கே போய், ஆராதனை அளவு சத்தத்தில் டோன் வையுங்கள். ரிவெர்பையும் பாதியாக்குங்கள், எதிரொலிக்கிற ஹால் மிச்சத்தைப் போட்டுக்கொள்ளும்.

கேள்வி: இன்-இயரை (காதுக்குள் போடும் மானிட்டர்) ஒரு காதில் மட்டும் போடுகிறேன், பரவாயில்லையா? ஜனங்கள் பாடுவது கேட்கவேண்டும்.

பரவாயில்லை இல்லை. திறந்த காதில் மேடைச் சத்தம் நுழையும், அதை வெல்ல மூடிய காதில் ஏற்றுவீர்கள். இரண்டையும் போடுங்கள். ஹாலைப் பார்த்து ஒரு மைக் வைத்து, அதை இன்-இயருக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், ஜனங்கள் பாடுவது கேட்கும். உங்கள் மானிட்டர் சென்ட் (உங்கள் காதுக்கு அனுப்பும் சிக்னல்) ப்ரீ-ஃபேடரா, அதாவது ஹால் ஃபேடருக்கு முன்பே பிரிகிறதா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் சவுண்ட்காரர் ஹாலில் உங்களைக் குறைக்கும்போதெல்லாம் உங்கள் காதிலும் குறைவீர்கள்.

கேள்வி: எந்த மாடல் மாடலர் வாங்கலாம்?

கேபினெட் சிமுலேஷனும் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் சொருகும் வகை) அவுட்டும் உள்ள எதுவும். பிராண்டுச் சண்டைக்கு நான் வரவில்லை.

கேள்வி: டிஐ கட்டாயமா, நேராகவே…

முதல் பதில். முதல் பதில்!

கேள்வி: கேபிளைப் பிடுங்கும்போது டமார் என்கிறது.

மியூட் போட்டதை சவுண்ட்காரர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகு பிடுங்குங்கள். சொருகும்போதும் அப்படித்தான்.

கேள்வி: அண்ணா, ஹம் பற்றிச் சொன்னீர்கள். நாங்கள் மாடலர் ப்ளக்கில் மூன்றாவது பின்னை எடுத்துவிட்டோம், ஹம் சுத்தமாகப் போய்விட்டது. இதுவே போதும்தானே?

மேலே என்ன எழுதினேன்? அடுத்த ஆராதனைக்கு முன்னால், இன்றைக்கே, அந்த ப்ளக்கை மாற்றுங்கள். எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி மேடை சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கிட்டாரோடு யாரும் மைக் பக்கம் போகவேண்டாம். ஹம் அப்படியே இருக்கட்டும், அதற்கு டிஐ வாங்கிக்கொள்ளலாம்.