பனி விளக்கும் சூடேறும் சுவிட்சும்

கேள்வி: போடிநாயக்கனூரிலிருந்து கேரள எல்லைக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்பில் ஆட்களை ஏற்றிச் செல்கிறேன். போடிமெட்டுப் பனிமூட்டத்துக்காக 55 வாட் பனி விளக்குகள் இரண்டைப் பொருத்தினேன். சற்று நேரத்திலேயே சுவிட்ச் சூடாகித் தீய்ந்த நெடி வருகிறது, வெளிச்சமும் மங்கல். ரிலே அவசியமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: அவசியம். சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் தானே இணைத்துவிடும் காந்தச் சுவிட்ச்தான் ரிலே. அதைப் பொருத்தும்வரை பனி விளக்கின் சுவிட்சைத் தொடவே வேண்டாம். பின்னால் தொழிலாளர்கள் நெருங்கி அமர்ந்திருக்கும் வண்டி அது.

இரண்டு விளக்குகளும் சேர்ந்து 110 வாட்; 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கும் மேல். இவ்வளவு மின்சாரம் டாஷ்போர்டுவரை மெல்லிய ஒயரில் வந்து, சிறிய சுவிட்சின் வழியாகத் திரும்பிப் போவதால்தான் சூடு. வெளிச்சம் மங்குவதற்கும் காரணம் அதுவே: வழியில் ஒரு வோல்ட் இழந்தால் ஹாலஜன் விளக்கின் ஒளியில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடும்.

ரிலேயில் 85, 86 என்ற கால்கள் காயிலுக்கு, அதாவது உள்ளே இருக்கும் காந்தச் சுருளுக்கு உரியவை. 30, 87 விளக்கின் மின்சாரத்துக்கு உரியவை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30க்கும், 87லிருந்து விளக்குகளுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுங்கள். சுவிட்சிலிருந்து வருவது 86க்கு, 85 எர்த்துக்கு, அதாவது வண்டியின் இரும்பு உடலுக்கு. இனி சுவிட்ச் சுமப்பது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஐந்து கால் ரிலே கிடைத்தால், நடுவில் 87ஏ என்றிருக்கும் காலை விட்டுவிடுங்கள். அதில் இணைத்தால் சுவிட்சை அணைத்திருக்கும்போதுதான் விளக்கு எரியும்.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். அது காப்பது விளக்கையன்று, ஒயரை; பானெட்டுக்குள் தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால், ஃப்யூஸுக்கு முந்திய பகுதியைக் காக்க எதுவும் இல்லை. ஃப்யூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

சுவிட்சுக்கான மின்சாரத்தை டிம் விளக்கின் ஒயரிலிருந்து எடுப்பதே பனிப்பாதைக்குப் பொருந்தும். பிரைட்டிலிருந்து எடுத்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். பிரைட்டின் ஒளியைப் பனித்துளிகள் உங்கள் கண்ணுக்கே திருப்பியனுப்ப, வளைவு தெரியாமல் போகும். விளக்குகளை பம்பரை ஒட்டித் தாழ்வாக, சற்றுக் கீழ்நோக்கி வையுங்கள்.

மலையில் ஈரம் எங்கும் புகும் என்பதால், கால்கள் கீழே பார்க்கும்படி ரிலேயை மாட்டி, எர்த் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இறுக்குங்கள்.

சுவிட்சைப் போட்டதும் ரிலே 'டிக்' என்று ஒலித்தும் விளக்கு எரியவில்லையெனில் ஃப்யூஸையும் எர்த்தையும் பாருங்கள். ஒலியே இல்லையெனில் கோளாறு பெரும்பாலும் சுவிட்ச் பக்கம். இறுதியாக, என்ஜின் ஓட, விளக்கு எரிய, பேட்டரியிலும் விளக்கின் முனைகளிலும் மீட்டரை வைத்து வோல்ட் அளவை ஒப்பிடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஓர் இணைப்பு இன்னும் தளர்வாக இருக்கிறது.