அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதிக உயிர்களைக் குடித்த சண்டைகள் எவை?

எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் பதில் சுலபம். 1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டைதான் முதலிடம். வடக்கு (மைய அரசு), தெற்கு (அதிலிருந்து பிரிந்துபோன அடிமை முறை மாநிலங்கள்) என்ற இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 51,000 பேர். அடுத்தது அதே ஆண்டு செப்டம்பரில் ஜார்ஜியாவில் நடந்த சிக்கமாகா, சுமார் 34,000 பேர். ஒரே நாள் கணக்கு என்றால் 1862 செப்டம்பர் 17, மேரிலாந்தில் ஆன்டீட்டம் ஓடையை ஒட்டி நடந்தது. அன்று மட்டும் சுமார் 22,700 பேர்.

இந்த எண்களை இறந்தவர்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாரையும் கூட்டிச் சொல்வது இது. "கெட்டிஸ்பர்க்கில் 51,000 பேர் மாண்டனர்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது தவறு. ஆன்டீட்டத்தில் அன்றே இறந்தவர்கள் சுமார் 3,600 பேர். காயம்பட்டவர்களில் எத்தனையோ பேர் அடுத்த சில வாரங்களில் இறந்தார்கள். அன்று பயன்பட்ட மினியே குண்டு மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டால் நசுங்கி, எலும்பையும் சில்லுசில்லாக்கிவிடும். கிருமி பற்றிய அறிவு இல்லாத காலம் வேறு. அந்தக் கையையோ காலையோ வெட்டி எடுப்பதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

என்னைக் கேட்டால், எந்தச் சண்டை பெரியது என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரியான சாவு ஏன் திரும்பத் திரும்ப நடந்தது? பழைய துப்பாக்கி நூறு மீட்டரைத் தாண்டினால் குறி தவறும். இந்தப் போரில் இரு தரப்புக்கும் வந்து சேர்ந்த ரைஃபிள் முந்நூறு மீட்டரிலும் ஆளைச் சாய்க்கும். ஆனால் தளபதிகள் படித்த பாடம் பழையது. தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்று, திறந்த வெளியில் நடந்து போய்த் தாக்கு என்பதே அந்தப் பாடம். சுவருக்குப் பின்னாலோ பள்ளத்திலோ நிற்பவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

இது 1862 டிசம்பர் 13 அன்று வெர்ஜீனியாவில் ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வெர்ஜீனியாவில் வேலை பார்த்தபோது அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு தாழ்வான சாலை, அதன் ஓரமாக இடுப்பு மார்பு உயரத்துக்கு ஒரு கல் சுவர், பின்னால் மேரீஸ் ஹைட்ஸ் என்கிற சின்ன மேடு. எதிரே அன்று வெட்டவெளி, இன்று வீடுகள். சாலையோரத்தில் இன்னிஸ் வீடு என்று ஒன்று அப்படியே நிற்கிறது. உள்ளே மரச் சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சுவர் வரைக்கும் வந்துவிட வேண்டும் என்பதுதான் வடக்கு ராணுவத்துக்கு இட்ட கட்டளை. தளபதி பர்ன்சைடு பிற்பகல் முழுக்கப் படையணி படையணியாக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருவரால்கூடச் சுவரைத் தொட முடியவில்லை. இரவில் உயிரோடு எஞ்சியவர்கள் கடுங்குளிரில் அந்த வெளியிலேயே மாட்டிக்கொண்டு, செத்துக் கிடந்த தோழர்களின் உடல்களையே மறைப்பாக வைத்துப் படுத்திருந்தார்கள். வடக்குக்கு மொத்த இழப்பு சுமார் 12,600. தெற்குக்கு அதில் பாதிகூட இல்லை.

சரி, ஜெயித்த தெற்குத் தளபதி லீ இதையெல்லாம் மேட்டிலிருந்து கண்ணால் பார்த்தவர். ஏழே மாதத்தில் கெட்டிஸ்பர்க்கில் அவரே அதைச் செய்தார். மூன்றாம் நாள் சுமார் 12,500 பேரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கும் மேல் திறந்த வயல்வெளியில் நடக்க விட்டார். நடுவே எம்மிட்ஸ்பர்க் சாலை, இருபக்கமும் உறுதியான மரவேலி. அந்த வேலியில் ஏறி இறங்கும்போதே கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். இது வேண்டாம் என்று அவருக்குக் கீழிருந்த லாங்ஸ்ட்ரீட் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. அவர்கள் பின்வாங்கியபோது கல் சுவருக்குப் பின்னாலிருந்த வடக்கு வீரர்கள் "ஃப்ரெடரிக்ஸ்பர்க்! ஃப்ரெடரிக்ஸ்பர்க்!" என்று கத்தினார்கள். சாதாரணச் சிப்பாய்க்குப் புரிந்தது மேலே இருப்பவர்களுக்குப் புரியவில்லையே என்ற கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அப்புறம் 1864 ஜூன் 3, வெர்ஜீனியாவிலேயே கோல்ட் ஹார்பர். இம்முறை வடக்குத் தளபதி கிராண்ட். தாக்குதல் ஒரு நாள் தள்ளிப்போக, அதற்குள் தெற்குப் படை அகழி வெட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. முந்தின இரவு வீரர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் சீட்டில் எழுதி மேல்சட்டையின் முதுகில் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக கிராண்டின் உதவி அதிகாரி ஒருவர் பின்னாளில் எழுதினார். விடிந்ததும் தாக்கினார்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அன்று 7,000 பேர் விழுந்ததாக நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அண்மைய ஆய்வுகள் அதைவிடக் குறைத்துச் சொல்கின்றன.

நான் மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். காயம்பட்டவர்கள் இரு அகழிகளுக்கும் நடுவே வெயிலில் தண்ணீருக்குக் கத்திக்கொண்டு கிடந்தார்கள். அவர்களை எடுக்க எந்த முறையில் சண்டையை நிறுத்துவது என்று கிராண்டும் லீயும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 7 மாலைதான் போக முடிந்தது. அதற்குள் ஏறக்குறைய எல்லாருமே இறந்துபோயிருந்தார்கள். அந்தத் தாக்குதலுக்காக எப்போதும் வருந்தியதாக கிராண்ட் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இவ்வளவு ரத்தத்துக்கும் பலன் என்ன என்று கேட்டால் ஆன்டீட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அடிமை விடுதலை அறிவிப்பை லிங்கன் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வெற்றி வரட்டும் என்று காத்திருந்தார். ஆன்டீட்டம் அப்படியொன்றும் முழு வெற்றி அல்ல. ஆனாலும் லீ பின்வாங்கினார், அது போதுமாக இருந்தது. ஐந்தாம் நாள், செப்டம்பர் 22 அன்று முதல் அறிவிப்பு வந்தது. 1863 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்ததும் கறுப்பின ஆண்கள் பெருமளவில் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 பேர்.

அதனால் பெரிய சண்டைகளின் பட்டியலில் வராத ஒன்றையும் சேர்க்கிறேன். 1863 ஜூலை 18, தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுக வாசலில் தெற்குப் படை வைத்திருந்த வாக்னர் கோட்டை. கறுப்பின வீரர்களைக் கொண்ட 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவு முன்னணியில் போனது. மறுபடியும் அதே திறந்த மணல்வெளி, அதே மதில். போன சுமார் 600 பேரில் 270 பேர் வீழ்ந்தார்கள், பிடிபட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களை நடத்திச் சென்ற வெள்ளையர் கர்னல் ராபர்ட் ஷா மதில்மேலேயே இறந்தார். அடிமையாகப் பிறந்த வில்லியம் கார்னி பல குண்டுகளை வாங்கிக்கொண்டு கொடியைத் தரையில் விழவிடாமல் தூக்கி வந்தார். அதற்கான உயரிய பதக்கம் அவர் கைக்கு வந்தது 1900இல்.

அந்தப் பிரிவினர் அப்போது சம்பளமே வாங்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். சமமாகக் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று ஓராண்டுக்கும் மேல் கைநீட்ட மறுத்தார்கள். 1864 ஜூனில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதற்குச் சட்டம் இயற்றியது.